கேபிள் எங்கே போகிறது என்று கிளவுடுக்குத் தெரியாது: வாசகர் கேள்வி–பதில்

ஓபன்ஸ்டாக் கிளவுடில் கோளாறின் மூலக்காரணத்தைத் தேடித்தரும் சேவை விட்ரேஜ். அதில் சுவிட்ச், ரவுட்டர், ரேக் போன்றவற்றைக் கையால் எழுதிச் சேர்ப்பது பற்றித்தான் இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல். நேகியோஸ், ஜாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள்களை வைத்திருப்பவர்களின் கேள்வி ஒன்றும் உண்டு. ஒரு முன்குறிப்பு: கோப்பில் எழுத வேண்டிய சாவிச்சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கோப்பில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் எழுதுங்கள். இரண்டு சொல் சேர்ந்த சாவிக்கு நடுவில் அடிக்கோடு வரும்.

கேள்வி: கிளவுடே எல்லாவற்றையும் கண்டுபிடித்துப் படம் வரைகிறதே, சுவிட்சை மட்டும் ஏன் நாம் கையால் எழுத வேண்டும்?

கிளவுட் தான் உருவாக்கியதை மட்டுமே அறியும். எந்த மெய்நிகர் கணினி எந்த ஹோஸ்டில் (அதைத் தாங்கும் சர்வரில்) ஓடுகிறது, அந்த ஹோஸ்ட் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்பதெல்லாம் மெய்நிகர் கணினிகளை நடத்தும் ஓபன்ஸ்டாக் சேவையான நோவாவின் கணக்கில் உள்ளவை. ஹோஸ்டின் பின்பக்கத்திலிருந்து புறப்படும் கேபிள் எந்த சுவிட்சில் போய்ச் செருகியிருக்கிறது என்பது அதன் கணக்கில் இல்லை. ரேக்குக்குப் பின்னால் நின்ற ஆளுக்குத்தான் அது தெரியும். அவர் அறிந்ததைக் கோப்பாக எழுதிக் கொடுப்பதே இந்த வேலை.

பயன் எங்கே என்றால், ரேக்கின் மேல்தட்டு சுவிட்ச் ஒன்று விழுந்ததும் 20 ஹோஸ்ட், அவற்றின் மேல் சில நூறு மெய்நிகர் கணினி என்று அலாரம் கொட்டும்போது, அத்தனைக்கும் காரணம் அந்த ஒரு சுவிட்ச்தான் என்று விட்ரேஜ் கோடு போட்டுக் காட்டும். அதற்கு சுவிட்சும் ஹோஸ்டும் வரைபடத்தில் இணைந்திருக்க வேண்டும்.

ஆசை மிகுந்து பேட்ச் பேனல், பவர் கார்டு வரை எழுதாதீர்கள். எதன் மேல் அலாரம் வர வழியுண்டோ, எது விழுந்தால் வேறொன்றும் சேர்ந்து விழுமோ, அதை மட்டும் எழுதினால் போதும்.

கேள்வி: முதல் முறை அமைக்கிறேன். படிப்படியாகச் சொல்லுங்கள்.

ஈடிசி கோப்பகத்தினுள் விட்ரேஜ் என்ற கோப்பகம் இருக்கும். அதிலுள்ள விட்ரேஜ் டாட் கான்ஃப் கோப்பைத் திறந்து, 'டேட்டாசோர்ஸஸ்' பகுதியில் 'டைப்ஸ்' என்ற வரியைப் பாருங்கள். நோவா ஹோஸ்ட், நோவா இன்ஸ்டன்ஸ், நோவா ஜோன் என்று காற்புள்ளியிட்ட பட்டியல் அங்கே உண்டு. அதில் 'ஸ்டேடிக்' இல்லையென்றால் சேருங்கள். இந்த ஒரு சொல் விடுபட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் தெரியாது, பிழைச்செய்தியும் வராது.

அடுத்து, அதே விட்ரேஜ் கோப்பகத்தில் 'ஸ்டேடிக் டேட்டாசோர்ஸஸ்' என்ற துணைக் கோப்பகம். நாம் எழுதப்போகும் யாமல் கோப்புகள் (விவரங்களை வரி வரியாகத் தரும் உரைக்கோப்புகள்) இங்கேதான் இருக்க வேண்டும். வேறிடத்தில் வைக்க விரும்பினால் கான்ஃப் கோப்பில் 'ஸ்டேடிக்' பகுதியில் 'டைரக்டரி' என்ற வரியில் பாதையைக் கொடுக்கலாம்.

கோப்புக்கு இரண்டு பெரும் பகுதிகள். மேலே 'மெட்டாடேட்டா', அதனுள் பெயரும் விளக்கமும். கீழே 'டெஃபினிஷன்ஸ்', அதனுள் 'என்டிட்டீஸ்' என்ற பட்டியலும் 'ரிலேஷன்ஷிப்ஸ்' என்ற பட்டியலும். ஒரு சுவிட்சுக்கு ஐந்து வரி எழுதுவீர்கள்: ஸ்டேடிக் ஐடி, டைப், நேம், ஐடி, ஸ்டேட். இதில் ஸ்டேடிக் ஐடி என்பது இந்தக் கோப்புக்குள் மட்டும் செல்லும் செல்லப்பெயர். எஸ்1, எஸ்2 என்று வைத்தால் போதும். வரைபடத்தில் போய் நிற்பது 'ஐடி'. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

ஹோஸ்டுக்கு அவ்வளவு வேண்டாம். அது ஏற்கெனவே நோவா வழியாக வரைபடத்தில் இருக்கிறது. ஸ்டேடிக் ஐடி, டைப் என்ற இடத்தில் நோவா புள்ளி ஹோஸ்ட், பிறகு ஐடி. இந்த மூன்றும் 'ஏற்கெனவே உள்ள அந்த ஹோஸ்டைத்தான் சொல்கிறேன்' என்று சுட்டிக்காட்டப் போதும்.

பின்பு இணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 'சோர்ஸ்', 'டார்கெட்', 'ரிலேஷன்ஷிப் டைப்' என மூன்று வரி. முதலிரண்டிலும் ஸ்டேடிக் ஐடியைப் போடுங்கள், மூன்றாவதில் 'அட்டாச்ட்'. எது சோர்ஸ், எது டார்கெட் என்பதை முதல் நாளே முடிவு செய்து, எல்லாக் கோப்பிலும் அதே திசையில் எழுதுங்கள். பின்னால் டெம்ப்ளேட் (எந்த நிபந்தனையில் என்ன செய்ய வேண்டும் என்று விட்ரேஜுக்குச் சொல்லும் விதிக்கோப்பு) எழுதும்போது இந்தத் திசையும் 'அட்டாச்ட்' என்ற சொல்லும் அப்படியே பொருந்த வேண்டும். கோப்பில் 'அட்டாச்ட்', டெம்ப்ளேட்டில் 'கன்டெய்ன்ஸ்' என்று இருந்தால், டெம்ப்ளேட் சோதனையில் தேறிவிடும். ஆனால் ஒருநாளும் வேலை செய்யாது.

முடித்தபின் விட்ரேஜ் கிராஃப் சேவையை மறுபடி தொடங்குங்கள். கலெக்டர் தனிச் சேவையாக ஓடும் நிறுவலில் அதையும் சேர்த்து. 'விட்ரேஜ் டோப்பாலஜி ஷோ', 'விட்ரேஜ் ரிசோர்ஸ் லிஸ்ட்' ஆகிய கட்டளைகளில் சுவிட்ச் தெரிகிறதா பாருங்கள்.

பழைய வழிகாட்டியிலிருந்து மாதிரியை எடுத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முன்பு 'ஸ்டேடிக் ஃபிசிகல்' என்ற வடிவம் இருந்தது. அதில் 'டெஃபினிஷன்ஸ்' கிடையாது. ஒவ்வொரு பொருளுக்கு உள்ளேயே அதன் இணைப்புகளை எழுதுவார்கள். பழையதையும் புதியதையும் ஒட்டுப்போட்டால் கோப்பு படிக்கப்படாமல் போகும்.

கேள்வி: சுவிட்ச் வரைபடத்தில் தெரிகிறது. ஆனால் தன்னந்தனியாக நிற்கிறது, ஒரு ஹோஸ்டும் ஒட்டவில்லை. இணைப்பு வரிகளை பத்து முறை சரிபார்த்துவிட்டேன்.

இணைப்பு வரிகளில் தவறு இருக்காது. ஹோஸ்டின் ஐடியில்தான் இருக்கும்.

கோப்பில் ஒரு ஹோஸ்டைச் சுட்டியதும், அது இன்னும் நேரில் வராவிட்டால் விட்ரேஜ் அதற்கு ஓர் இடம்பிடிப்பு முனையைப் போட்டு வைக்கும். நோவாவிடமிருந்து அதே ஐடியோடு ஹோஸ்ட் வந்ததும் இரண்டும் ஒன்றாகிவிடும். ஐடியில் ஓர் எழுத்து மாறினாலும் ஒன்றாகாது. இடம்பிடிப்பு முனைகளை வரைபடம் காட்டுவதில்லை. ஆகவே உங்கள் சுவிட்ச் உண்மையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஹோஸ்டோடு இணைந்துதான் நிற்கிறது.

மாறுவது பெரும்பாலும் எங்கே என்றால், பெயரின் நீளத்தில். 'ஓபன்ஸ்டாக் ஹைப்பர்வைசர் லிஸ்ட்' கட்டளை தரும் பெயர் டொமைனோடு சேர்ந்த முழுப்பெயராக இருக்கலாம். 'ஓபன்ஸ்டாக் கம்ப்யூட் சர்வீஸ் லிஸ்ட்' கட்டளையின் 'ஹோஸ்ட்' நெடுவரிசையில் இருப்பது நோவா தன் கான்ஃப் கோப்பில் வைத்திருக்கும் பெயர். டொமைன் இல்லாத சிறுபெயராகவும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அங்கிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள், கையால் தட்டாதீர்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் உண்டு.

இதே நோய் அலாரத்திலும் வரும். நேகியோஸிலிருந்து வரும் அலாரம் எந்தப் பொருளின் மேல் உட்கார வேண்டும் என்பதை நேகியோஸ் கான்ஃப் யாமல் என்ற கோப்பு சொல்கிறது: நேகியோஸ் ஹோஸ்ட், டைப், நேம் என்று மூன்று வரி. இங்கே தரும் 'நேம்' உங்கள் ஸ்டேடிக் கோப்பிலுள்ள சுவிட்சின் ஐடியோடு பொருந்த வேண்டும். சுவிட்சுக்கு ஐடியும் நேமும் ஒரே சொல்லாக வைத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. வரிசை எண்ணை ஐடியாகவும் அழகான பெயரை நேமாகவும் வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

கேள்வி: போர்ட்டையும் ஒரு பொருளாகச் சேர்த்தேன். ஐடியாக 1:24 என்று எழுதினேன். வரைபடத்தில் 84 என்று வருகிறது. இது என்ன கணக்கு?

நிமிடக் கணக்கு. விட்ரேஜ் பைத்தானில் எழுதப்பட்டது. பைத்தானின் வழக்கமான யாமல் நூலகம் யாமல் 1.1 விதிகளைப் பின்பற்றுகிறது. அந்த விதியில், முக்காற்புள்ளி இட்ட எண்கள் அறுபதின் அடுக்காகப் படிக்கப்படும். 1 பெருக்கல் 60, கூட்டல் 24; ஆக 84. அடுக்கு சுவிட்சில் முதல் பெட்டியின் 24ஆம் போர்ட் என்று நீங்கள் சொன்னதை அது ஒரு மணி 24 நிமிடம் என்று கேட்டுக்கொண்டது.

மேக் முகவரிக்கும் இந்த ஆபத்து உண்டு, ஆனால் எப்போதாவதுதான். முகவரியில் ஆங்கில எழுத்து ஒன்று இருந்தாலோ, முதல் இணைக்குப் பிறகு 59க்கு மேற்பட்ட இணை ஒன்று வந்தாலோ எழுத்துச்சரமாகவே தப்பிவிடும். 52:54:00:12:34:56 போன்றது மாட்டிக்கொள்ளும். அது 41135085296 என்ற எண்ணாகிவிடும். நூறு சாதனத்தில் ஒன்றிரண்டு மட்டும் கெட்டுப்போவதால் கண்டுபிடிப்பது கடினம்.

இன்னும் இரண்டு குழிகள். சுழியத்தில் தொடங்கும் எண் எட்டடிமான எண்ணாகப் படிக்கப்படும்: ரேக் 010 என்றால் 8, ரேக் 011 என்றால் 9. ஆனால் 018இல் 8 என்ற இலக்கம் இருப்பதால் அது எட்டடிமானம் ஆகாது, 018 ஆகவே நிற்கும். பாதி ரேக் சரி, பாதி தவறு என்று வந்தால் இதுதான் காரணம். மற்றொன்று, 'ஸ்டேட்' வரியில் 'ஆன்' என்று எழுதினால் அது சொல்லாக நிற்காது, மெய் என்ற தருக்க மதிப்பாகிவிடும். 'ஆஃப்', 'எஸ்', 'நோ' எல்லாம் இதே வகை.

மருந்து ஒன்றுதான்: ஐடி, நேம், ஸ்டேட் மூன்றையும் எப்போதும் மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். வரித்தொடக்கத்தில் டேப் விசையைத் தொடாதீர்கள், இடைவெளி விசை மட்டும். சேமித்ததும் பைத்தானில் யாமல் நூலகத்தின் 'சேஃப் லோட்' மூலம் கோப்பை ஒருமுறை படித்து அச்சிட்டுப் பாருங்கள். மேற்கோள் குறி இல்லாமல் அச்சாகும் ஐடி எதுவும் இருந்தால் அது எண்ணாக மாறிவிட்டது என்று பொருள்.

அது போகட்டும், போர்ட்டைத் தனிப்பொருளாக வைக்கத்தான் வேண்டுமா? போர்ட் அளவில் அலாரம் அனுப்பும் கண்காணிப்பு உங்களிடம் இருந்தால் வையுங்கள். இல்லையென்றால் 48 போர்ட் சுவிட்ச் ஒவ்வொன்றும் 48 வெறும் புள்ளிகளைப் படத்தில் கொட்டும், அவ்வளவுதான்.

கேள்வி: சுவிட்சின் மின்சாரத்தையே துண்டித்துப் பார்த்தேன். வரைபடத்தில் இன்னும் 'அவைலபிள்' என்றே நிற்கிறது.

அந்தச் சொல்லை எழுதியது நீங்கள்தான். ஸ்டேடிக் கோப்பு எதையும் கண்காணிப்பதில்லை; எழுதியதைத் திருப்பிச் சொல்கிறது. நிலை மாற வேண்டுமானால் சுவிட்சை உண்மையில் பார்த்துக்கொண்டிருக்கும் நேகியோஸோ ஜாபிக்ஸோ அலாரம் எழுப்ப வேண்டும். அந்த அலாரம் சுவிட்சின் மேல் உட்கார்ந்ததும் 'செட் ஸ்டேட்' செயலால் நிலையை மாற்றும் டெம்ப்ளேட் ஒன்றும் வேண்டும். டெம்ப்ளேட்டை 'விட்ரேஜ் டெம்ப்ளேட் வேலிடேட்' கொண்டு சோதித்து, 'டெம்ப்ளேட் ஆட்' கொண்டு சேர்த்து, 'டெம்ப்ளேட் லிஸ்ட்' பட்டியலில் 'ஆக்டிவ்' என்று வந்திருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: ஒவ்வொரு ஹோஸ்டும் இரண்டு சுவிட்சில் பாண்டிங் முறையில் (இரண்டு கேபிளை ஒரே இணைப்பாகக் கட்டும் முறை) இணைந்திருக்கிறது. ஒரு சுவிட்ச் விழுந்தாலே எல்லா ஹோஸ்ட் மேலும் 'தொடர்பில்லை' என்று அலாரம் வருகிறது. ஹோஸ்டோ நன்றாகவே ஓடுகிறது.

உங்கள் டெம்ப்ளேட்டின் நிபந்தனை 'சுவிட்சில் அலாரம் உண்டு, சுவிட்ச் ஹோஸ்டோடு இணைந்திருக்கிறது' என்பதோடு முடிந்திருக்கும். ஒற்றைக் கேபிளுக்கு அது சரி. இரட்டை இணைப்புக்கு இரண்டு டெம்ப்ளேட் எழுதுங்கள். முதலாவது இப்போதுள்ள நிபந்தனையோடு 'மாற்றுவழி போய்விட்டது' என்ற எச்சரிக்கையை மட்டும் எழுப்பட்டும். இரண்டாவதில் இரண்டு சுவிட்சைத் தனித்தனி டெம்ப்ளேட் ஐடியோடு குறிப்பிட்டு, இரண்டிலும் அலாரம், இரண்டும் ஒரே ஹோஸ்டோடு இணைப்பு என்ற நான்கு கூற்றுகளையும் 'அண்ட்' கொண்டு சேருங்கள். அது நிறைவேறினால்தான் ஹோஸ்ட் மேல் கடும் அலாரம். கோப்பிலும் ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் இரண்டு இணைப்பு வரி இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் எழுதியிருந்தால் இரண்டாவது டெம்ப்ளேட் எழவே எழாது.

இதை நம்புவதற்குமுன் பாண்டிங் உண்மையிலேயே மாற்றுவழிக்குத் தாவுகிறதா என்று ஹோஸ்டில் பாருங்கள். ப்ராக் கோப்பகத்தில் நெட், அதனுள் பாண்டிங், அதனுள் பாண்ட்0 கோப்பு. இரு இடைமுகத்துக்கும் 'எம்ஐஐ ஸ்டேட்டஸ் அப்' என்று இருக்க வேண்டும். 'போலிங் இன்டர்வல்' 0 என்று இருந்து, ஏஆர்பி கண்காணிப்பும் இல்லையென்றால் கேபிள் அறுந்தது ஹோஸ்டுக்கே தெரியாது. 100 மில்லிநொடி வைப்பது வழக்கம்.

இரண்டு சுவிட்சும் அடுக்காகக் கட்டப்பட்டு ஒரே முகவரியில் நிர்வகிக்கப்படுகிறதா? அப்படியானால், ஒவ்வொரு பெட்டிக்கும் தனி அலாரம் கிடைத்தால் மட்டுமே இரண்டாக எழுதுங்கள். கிடைக்காதென்றால் ஒன்றாக எழுதுவதே நேர்மை.

கேள்வி: ரேக் கட்டியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். எந்தக் கேபிள் எங்கே போகிறது என்ற பட்டியலும் இல்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கவா?

வேண்டாம். அண்டைச் சாதனங்கள் தம்மை அறிவித்துக்கொள்ளும் நெறிமுறையான எல்எல்டிபி இருக்கிறது. 802.1ஏபி தரநிலைப்படி சுவிட்ச் ஒவ்வொரு போர்ட்டிலும் தன் பெயரையும் போர்ட் எண்ணையும் அறிவித்துக்கொண்டே இருக்கும். வழக்கமான இடைவெளி 30 நொடி. சுவிட்சில் அதை இயக்கி, ஹோஸ்டில் எல்எல்டிபிடி சேவையை நிறுவி, ஒரு நிமிடம் பொறுத்து 'எல்எல்டிபிசிடிஎல்' என்று தட்டினால் ஒவ்வொரு இடைமுகத்துக்கும் எதிரே சுவிட்சின் பெயரும் போர்ட்டும் வரும்.

எல்லாம் இயங்கியும் ஒன்றும் வரவில்லையா? இன்டெல் எக்ஸ்710 போன்ற ஐ40இ இயக்கி கொண்ட அட்டையா என்று பாருங்கள். அதன் உள்மென்பொருளே எல்எல்டிபி பொதிகளை எடுத்து விழுங்கிவிடும், லினக்ஸ் வரை வராது. 'ஈத்டூல்' கட்டளையின் 'செட் ப்ரைவ் ஃபிளாக்ஸ்' தெரிவில் 'டிசேபிள் எஃப்டபிள்யூ எல்எல்டிபி' என்பதை 'ஆன்' செய்தால் வரத்தொடங்கும். கணினியை மறுபடி தொடங்கினாலும் இது நிலைக்க, தொடக்கத்திலேயே ஓடும்படி எழுதி வையுங்கள்.

ஒரே இடைமுகத்தில் இரண்டு மூன்று அண்டைச் சாதனம் தெரிந்தால், நடுவே யாரோ மலிவான, நிர்வாக வசதி இல்லாத சுவிட்ச் ஒன்றைச் செருகியிருக்கக்கூடும். நேரில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: எங்களிடம் விட்ரேஜ் இல்லை. நேகியோஸும் ஜாபிக்ஸும்தான். இதே பலனைப் பெற முடியுமா?

நேகியோஸில் எளிது. ஹோஸ்ட் வரையறையில் 'பேரன்ட்ஸ்' என்ற வரியில் மேலுள்ள சுவிட்சின் பெயரைக் கொடுங்கள். சுவிட்ச் விழுந்தால் பின்னாலுள்ளவை 'டவுன்' ஆகாமல் 'அன்ரீச்சபிள்' ஆகும். இரண்டு சுவிட்சைக் காற்புள்ளியிட்டுக் கொடுத்தால் இரண்டும் விழுந்தால்தான் அந்த நிலை வரும். அறிவிப்புத் தெரிவுகளில் 'யு' எழுத்தை நீக்கினால் அந்த நிலைக்கு அறிவிப்பும் வராது. 'பேரன்ட்ஸ்' என்பது கண்காணிப்புச் சர்வர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்த வழி என்பதை மறக்காதீர்கள். சர்வரை வேறு ரேக்குக்கு மாற்றினால் சில இடங்களில் பெற்றோர்–பிள்ளை உறவே தலைகீழாகும். மாற்றியபின் நேகியோஸை மைனஸ் வி தெரிவோடு ஓட்டினால் சுற்றிச்சுற்றி வரும் உறவுகளைப் பிடித்துக் கொடுத்துவிடும்.

ஜாபிக்ஸின் வரைபடத்தில் கோடு இழுத்து இணைத்தால் அது படம்தான், அலாரத்தை அடக்காது. அங்கே சார்பு என்பது ட்ரிக்கருக்கும் (அலாரம் எழுப்பும் நிபந்தனைக்கும்) ட்ரிக்கருக்கும் இடையில் மட்டுமே. ஹோஸ்டின் 'பிங் இல்லை' ட்ரிக்கரைத் திறந்து, 'டிபென்டன்சீஸ்' தாவலில் சுவிட்சின் ட்ரிக்கரைச் சேருங்கள். சேர்த்தும் அலாரம் கொட்டினால் நேரத்தைப் பாருங்கள். ஹோஸ்டை 1 நிமிடத்துக்கு ஒருமுறையும் சுவிட்சை 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் சோதித்தால், சுவிட்ச் விழுந்தது தெரியுமுன்பே ஹோஸ்டின் அலாரம் போய்விடும். சுவிட்சை அடிக்கடியும், ஹோஸ்டில் தொடர்ந்து மூன்று சோதனை தோற்றபின் மட்டும் அலாரம் என்றும் மாற்றுங்கள்.

கேள்வி: சுவிட்சின் ஐடியை மாற்றினேன். இப்போது பழையதும் புதியதும் இரண்டும் தெரிகின்றன.

ஐடி மாறினால் விட்ரேஜுக்கு அது வேறு பொருள். கோப்பில் நேர்ந்த மாற்றத்தை அது தானாகவே பார்த்துக்கொள்ளும். வழக்கமான இடைவெளி 30 நொடி. அதன் பிறகும் பழையது போகவில்லையென்றால் ஸ்டேடிக் கோப்பகத்தில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியலிட்டுப் பாருங்கள். திருத்துமுன் எடுத்த நகல், 'சுவிட்ச் ஓல்ட் டாட் யாமல்' என்ற பெயரில் அங்கேயே உட்கார்ந்திருக்கும். டாட் யாமல் என்று முடியும் எந்தக் கோப்பையும் அது படிக்கும். நகல்களை வேறு கோப்பகத்துக்கு மாற்றிவிட்டு, கிராஃப் சேவையை மறுபடி தொடங்குங்கள்.

கேள்வி: 30 ரேக், 600 ஹோஸ்ட். இவ்வளவையும் கையால் எழுதி யார் பராமரிப்பது?

கையால் எழுதாதீர்கள். ஹோஸ்ட், இடைமுகம், சுவிட்ச், போர்ட் என நான்கு நெடுவரிசை கொண்ட ஒரே அட்டவணையை வைத்துக்கொண்டு, அதிலிருந்து ரேக்குக்கு ஒரு யாமல் கோப்பாகச் சிறு நிரல் கொண்டு உருவாக்குங்கள். கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் மென்பொருளில் வைத்தால் யார், எப்போது மாற்றினார் என்பதும் தெரியும். இரவில் ஒருமுறை எல்லா ஹோஸ்டிலும் எல்எல்டிபி வெளியீட்டை எடுத்து அட்டவணையோடு ஒப்பிடச் செய்யுங்கள். வேறுபடும் வரிகள் மட்டும் காலையில் அஞ்சலில் வரட்டும். வேறுபாட்டைப் பார்த்துக் கோப்பைத் தானாகவே திருத்தும்படி மட்டும் எழுதிவிடாதீர்கள். பராமரிப்புக்காக ஒரு சுவிட்சை அணைத்த இரவில் எல்எல்டிபியில் அதன் இணைப்புகள் எதுவும் இருக்காது. நிரலும் அவற்றை வரைபடத்திலிருந்து சுத்தமாகத் துடைத்துவிடும்.